வந்து சொன்னால்தான்

எங்கள் சங்கத்துக்கு முதன்முதலாக வந்த கணினியை எனக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. கொழும்பில் ஏதோ ஒரு கந்தோரில் பாவித்து அலுத்துப்போய், வடக்குக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று யாரோ அனுப்பி வைத்த சாமான். விசைப்பலகையில் இரண்டு கட்டைகள் கழன்றிருந்தன. போட்டால் படமும் வராது, நிறமும் வராது. கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் சிமிட்டிக்கொண்டு நிற்கும். அதுவாக ஒன்றும் கேட்காது. முறையாகச் சொன்னால் செய்யும். முறை பிசகினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இந்தக் குணத்தோடு ஒருவரை எனக்குப் பிறந்த நாளிலிருந்தே தெரியும். அவர் என் பெரியப்பா.

சங்கம் என்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். தலைமன்னார் றோட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், காற்றுக்குத் தகரம் படபடக்கும் ஒற்றை அறை. சண்டை முடிந்து, இடம்பெயர்ந்து போன சனம் திரும்பி வந்து, சங்கத்தை மறுபடி தொடங்கியபோது என்னை எழுதுவினைஞராகப் போட்டார்கள். அங்கத்தவர்களைச் சேர்த்த அன்று தலைவர் கதவின் திறப்போடு வரும்முன்பே பெரியப்பா வாசலில் நின்றார். முதலாம் இலக்கம் தனக்கே வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்டாம் நம்பர் எண்டா ஒண்டாம் நம்பர்தான்" என்றார். அதற்கு மேல் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அப்பாவுக்குக் கிடைத்தது நடுவில் ஏதோ ஓர் இலக்கம்.

தலைவருக்குப் பெரிய தலையிடி அறிவித்தல்தான். மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, கூட்டம் இருக்கிறது, காற்றுக் கடுமை, கடலுக்குப் போக வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி ஊரைச் சுற்றுவார். கத்துகிற கத்தில் றோட்டில் படுத்திருக்கும் கழுதைகளே எழும்பி விலகும். ஆனாலும் அடுத்த நாள் யாராவது ஒருவர் சங்கத்து வாசலில் வந்து நின்று, "எனக்கு ஆரும் வந்து சொல்லேல்லையே" என்பார். ஒலிபெருக்கி கேட்கவில்லையா என்றால், கேட்டது என்பார். அப்படியானால் ஏன் வரவில்லை என்றால், "அது ஊருக்கெல்லோ சொன்னது" என்பார்.

எங்கள் ஊரின் வருத்தம் இது. கலியாணம், ஞானஸ்நானம், புதுவீடு, சாவு எதுவாக இருந்தாலும் வீட்டுக்காரனும் மனைவியும் படலையைத் திறந்து வந்து, கதிரையில் இருந்து, ஒரு வாய் தேத்தண்ணியாவது குடித்து, ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாவுக்கு வீட்டுக்காரர் வர முடியாது என்பதால் ஓர் உறவுக்காரரை அனுப்புவார்கள். அவரும் வீடு வீடாகப் போய், வீட்டுக்காரனைக் கூப்பிட்டுச் சொல்வார். இப்படிச் சொன்னால் அது சொன்னது. மற்றதெல்லாம் கேள்விப்பட்டது. கேள்விப்பட்டுப் போகிறவனுக்கு மானம் ரோசம் இல்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் ரோசத்துக்கு மட்டும் ஒரு காலமும் தட்டுப்பாடு வந்ததில்லை.

கணினியைப் பூட்டி எங்களுக்குப் பழக்கித்தர வவுனியாவிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். என்னைவிட வயதில் குறைந்தவள். பேச்சில் ஒரு மாமியாரைப்போல இருந்தாள். இதற்குள்ளே இருப்பது லினக்ஸ் என்றாள். தட்டெழுத்தில் கட்டளை கொடுத்துத்தான் வேலை வாங்க வேண்டும் என்றாள். தலைவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "படம் ஒண்டும் வராதோ பிள்ளை?" என்று கேட்டார். வராது என்றதும் அவருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு என்னவோ அந்தக் கறுப்புத் திரை மெல்ல மெல்லப் பிடித்துப்போனது. பழைய கோப்புகளை அழிக்க அவள் பழக்கிய அன்று நடந்ததுதான் காரணம். அழிக்க வேண்டிய கோப்புகளின் பெயர்களை ஒரு கட்டளை வரிசையாகக் கக்கியது. அதைக் குழாய் வைத்ததுபோல ஒரு நெடுங்கோடு போட்டு, அழிக்கும் கட்டளைக்குள் ஊற்றினேன். அழிக்கும் கட்டளை ஒன்றையும் அழிக்கவில்லை. எதை அழிப்பது என்று எனக்குச் சொல்லவில்லையே என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் நின்றது. பெயர்கள் எல்லாம் அதன் வாய்க்குள்ளேயே ஊற்றப்பட்டிருந்தன. ஆனால் அதற்கு யாரும் சொல்லவில்லை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏன் அக்கா சிரிக்கிறீங்கள்?"

"இல்லை, எங்கட பெரியப்பாவை இதுக்குள்ள ஆர் கொண்டுவந்து வைச்சது எண்டு பாக்கிறன்."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பாடத்தைத் தொடர்ந்தாள். "ஒரு கட்டளைக்கு ரெண்டு வாசல் இருக்கு அக்கா. ஒண்டு, குழாய் வழியா ஊத்துறது. மற்றது, கட்டளையின்ர பேரைச் சொல்லி, பேருக்குப் பக்கத்திலயே விசயத்தையும் சொல்லுறது. அதைத்தான் ஆர்கியுமென்ட் எண்டுறது. சில கட்டளை ஊத்தினதை எடுக்கும். சிலது எடுக்காது. நீங்கள் எவ்வளவு ஊத்தினாலும் அது திரும்பியும் பாக்காது. பேருக்குப் பக்கத்தில சொன்னாத்தான் அதுக்குச் சொன்ன மாதிரி."

என் பெரியப்பாவின் கதையை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது வெளியூர் ஆளுக்குச் சொல்லும் கதையா என்று யோசித்து விட்டுவிட்டேன். அக்காவின் கலியாணத்தோடு வந்த வினை அது. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறும் பூசை முடிவில் பங்குச் சுவாமி அறிவித்தல் வாசித்தார். மூன்று ஞாயிறும் பெரியப்பா முன்வரிசை வாங்கில் இருந்து கேட்டார். அப்பாவும் அம்மாவும் ஊரெல்லாம் கார்டோடு திரிந்தார்கள். பெரியப்பாவின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அப்பாவின் நியாயம், "சொந்த அண்ணனுக்கு நான் கார்ட் குடுக்கிறதோ? அவர் வீட்டுக்காரர் எல்லோ!" பெரியப்பாவின் நியாயம், "வீட்டுக்காரன் எண்டா முதல் எனக்கெல்லோ வந்து சொல்லியிருக்க வேணும்!" இரண்டு நியாயத்திலும் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அந்தச் சண்டை தீரவேயில்லை.

கலியாணத்தன்று காலையில் பெரியப்பா வெள்ளைச் சேட்டை அழுத்திப் போட்டுக்கொண்டு தன் வீட்டு முன்னறையில் இருந்தாராம். ஒரு சின்னப்பிள்ளையை அனுப்பி "வாங்கோ" என்று சொல்லியிருந்தாலும் வந்திருப்பார் என்று பெரியம்மா பிறகு அம்மாவிடம் கிணற்றடியில் சொல்லி அழுதார். கோயில் மணி அடித்து, பூசை முடிந்து, வெடி கொளுத்தும் சத்தமும் கேட்ட பிறகுதான் சேட்டைக் கழற்றினாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அப்பாமேல் கோபம். பெரியப்பாமேலும் கோபம். மடு முகாமில் அகதியாக இருந்த காலத்தில் காய்ச்சலோடு கிடந்த என்னைச் சைக்கிளில் வைத்து மண் றோட்டால் ஆசுப்பத்திரிக்கு உழக்கிக்கொண்டு போனவர் பெரியப்பாதான். அவருக்கு ரோசம் இருக்கலாம். அதற்காக எங்களை இல்லையென்று வைத்துவிடலாமா?

அன்றிலிருந்து இருவருக்கும் கதைபேச்சு இல்லை. பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் ஒருவர் கிழக்கே திரும்பிக் கைகூப்புவார், மற்றவர் மேற்கே திரும்பிக் கைகூப்புவார். ஆனால் வள்ளங்கள் இரண்டும் கரையில் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். காற்று மாறப் போகிறது என்று தெரிந்தால் அப்பா தன் வள்ளத்தோடு கதைப்பதுபோல உரக்கச் சொல்வார்: "வாடை கடுக்கப் போகுது. வள்ளத்தை மேல இழுத்து வைச்சா நல்லது." பெரியப்பா கேட்ட பாவனையே காட்டமாட்டார். அப்பா வீட்டுக்குப் போனபிறகு, ஒரு பீடியும் குடித்து முடித்து, தனக்காகத் தோன்றியதுபோல எழும்பி வள்ளத்தை மேலே இழுப்பார். அழிக்கும் கட்டளைக்கு அந்த அளவு இரக்கமும் கிடையாது.

"அப்ப ஊத்தினதைக் குடிக்காத கட்டளைக்கு என்ன செய்யிறது?" என்று வவுனியாப் பிள்ளையிடம் கேட்டேன்.

"நடுவில ஒரு ஆளைப் போடவேணும்" என்றாள். அந்த ஆளின் பெயர் எக்ஸ்ஆர்க்ஸ். குழாயில் வருவதையெல்லாம் அவர் கையேந்தி வாங்குவார். வாங்கியதைக் கொண்டுபோய் அடுத்த கட்டளையின் பெயருக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்வார். கட்டளைக்கும் மரியாதை கிடைத்துவிடும், வேலையும் நடந்துவிடும். எங்கள் ஊரில் சாவு சொல்லப் போகிறவரின் வேலை.

"ஆனா கவனம் அக்கா. அந்த ஆளுக்குப் பொறுமை இல்லை. எல்லாத்தையும் ஒண்டா அள்ளிக்கொண்டு போய் ஒரே தரத்தில சொல்லிப்போடுவார். ஒவ்வொண்டாச் சொல்லு எண்டு நீங்கள் அவருக்கு முதலே சொல்லி வைக்கவேணும். எந்த இடத்தில வைச்சுச் சொல்லுறது எண்டும் சொல்லவேணும். இல்லாட்டி வாலிலதான் கொண்டுபோய் வைப்பார்."

நான் தலையாட்டினேன். விளங்கியவர்கள் ஆட்டுவதைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஆட்டினேன்.

போவதற்கு முன் அவள் தலைவரின் தலையிடிக்கு மருந்து செய்து வைத்தாள். கைத்தொலைபேசிச் சிம் போட்ட ஒரு சின்னக் கருவியைக் கணினியில் சொருகி, குறுஞ்செய்தி அனுப்ப ஒரு கட்டளை எழுதினாள். அதன் பெயருக்குப் பக்கத்தில் முதலில் சொல்வது தொலைபேசி இலக்கம். அதற்குப் பிறகு எது வந்தாலும் அது செய்தி. அங்கத்தவர்களின் இலக்கங்கள் சேர்ந்த வரிசையில் ஒரு கோப்பில் இருந்தன. நூற்றுக்குக் கிட்ட. முதலாவது பெரியப்பாவின் இலக்கம். ஒவ்வோர் இலக்கமாக எடுத்து, தலைவர் சொல்லும் செய்தியை வைத்து, கடைசியில் "இப்படிக்கு, தலைவர்" என்று போட்டு அனுப்பும் ஒரு முழு வரியையும் கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். நான் அதைப் பார்த்துத் தட்டினால் போதும்.

மருந்து வேலை செய்தது. ஒலிபெருக்கிக்குக் குறை சொன்னவர்கள் குறுஞ்செய்திக்குக் குறை சொல்லவில்லை. சட்டைப்பைக்குள் கிணுகிணுத்துச் சொல்கிறதல்லவா, அது தனக்கென்றே சொன்ன மாதிரித்தான் என்று ஊர் ஒப்புக்கொண்டது. தலைவர் ஓட்டோவிலிருந்து ஒலிபெருக்கியைக் கழற்றி வைத்தார்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை இலுப்பைக்கடவைப் பக்கம். நாள் நெருங்க நெருங்க அம்மா ஒரு பக்கத்தால் அழுதார்: "போய்ச் சொல்லுங்கோவன்." அப்பா வலையைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "அவர் மூத்த பிள்ளையின்ர கலியாணத்துக்கு வரேல்லை. இப்ப நான் போனா அண்டைக்குப் பிழை விட்டது நான் எண்டாகும்." நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். இருவரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். மணமகள் தன் கலியாணத்தைத் தானே சொல்லிக்கொண்டு திரிவதா? அது பெரியப்பாவை அவமதிப்பது. அதோடு அப்பா செத்துப்போனார் என்று ஊருக்குச் சொல்வது. ஆகவே அக்காவின் கதைதான் எனக்கும் என்று தெரிந்துபோயிற்று. பெரியப்பா இன்னொரு தரம் வெள்ளைச் சேட்டோடு முன்னறையில் இருப்பார். மணி அடிக்க நான் கோயிலுக்குள் சிரித்துக்கொண்டு நடக்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு கலியாணம் வேண்டாம். பெரியப்பா இல்லாமல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா மூக்கைச் சீறிவிட்டு மீனை வெட்டப் போனார்.

இதொன்றும் தெரியாத தலைவர் ஒரு நாள் காலையில் பெரிய மனதோடு வந்தார். "சங்கத்துப் பிள்ளையின்ர கலியாணம். எல்லா அங்கத்தவருக்கும் சங்கத்தால மெசேஜ் அடிச்சு விடுவம்" என்றார். எனக்கு நெஞ்சு ஒரு தரம் துள்ளியது. எல்லா அங்கத்தவர் என்றால் முதலாம் இலக்கமும்தானே? குறுஞ்செய்தியைக் கண்டு பெரியப்பா வரமாட்டார் என்று தெரியும். ஆனாலும் சட்டைப்பையில் ஒரு தரம் கிணுகிணுக்கட்டும்.

தலைவர் எனக்குப் பின்னால் நின்று வாசகத்தைச் சொல்லச் சொல்ல, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினேன். அவருக்கு "திருமணம்" போதவில்லை. "திருமண வைபவம்" ஆக்கினார். பிறகு "வருகை தந்து" என்பதை "தவறாது வருகை தந்து" ஆக்கினார். சுவரில் இருந்த வரியைப் பாவித்தால் கடைசியில் "இப்படிக்கு, தலைவர்" என்று வந்துவிடும். என் கலியாணத்துக்கு அவர் கையெழுத்தா? அதனால் நானே ஒரு புது வரி எழுதினேன். இலக்கங்களை ஊற்று, அதன் பின்னால் வாசகத்தையும் ஊற்று, எக்ஸ்ஆர்க்ஸ் வாங்கிக் கொடுக்கட்டும், கட்டளை அனுப்பட்டும். "கெதியா பிள்ளை, கரண்ட் போகப் போகுது" என்று தலைவர் காதுக்குள் நின்றார். தட்டினேன்.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ஒரு செய்தி அனுப்பப்பட்டது.

"ஒண்டோ?" என்றார் தலைவர். "மற்ற ஆக்கள்?"

கரண்ட் போனது.

இருட்டிய திரையில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வவுனியாப் பிள்ளை சொன்னது எனக்கு முழுதாக விளங்கிற்று. ஒவ்வொன்றாகச் சொல் என்று நான் அந்த நடு ஆளுக்குச் சொல்லவில்லை. அவர் எல்லா இலக்கத்தையும், வாலில் என் அழைப்பையும், ஒன்றாக அள்ளிக்கொண்டு போய் ஒரே தரத்தில் வைத்துவிட்டார். கட்டளை என்ன செய்யும்? முதலில் நின்ற இலக்கத்தை ஆள் என்று எடுத்தது. மிச்சத்தையெல்லாம் செய்தி என்று எடுத்தது. ஊரில் உள்ள அத்தனை பேரின் தொலைபேசி இலக்கங்களும், அவற்றின் முடிவில் என் திருமண வைபவமும், ஒரே நீளச் செய்தியாக ஒரே ஓர் ஆளுக்குப் போயிருந்தது. முதலாம் இலக்கத்துக்கு.

அந்த மத்தியானம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. சொந்தத் தம்பி மகள் குறுஞ்செய்தியில் கலியாணம் சொல்கிறாள், அதுவும் ஊரார் இலக்கங்களோடு குப்பையைக் கொட்டுவதுபோலக் கொட்டிச் சொல்கிறாள். இனிப் பெரியப்பா என் செத்தவீட்டுக்கும் வரமாட்டார் என்று நினைத்தேன். கரண்ட் வரவில்லை. பின்னேரம் சங்கத்தைப் பூட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன். கடையடியில் நின்ற ஒரு மாமி என்னைக் கண்டதும் சிரித்தார்.

"கட்டாயம் வருவம் பிள்ளை. உன்ர பெரியப்பா இப்பதான் வந்து சொல்லிப்போட்டுப் போறார்."

"ஆர்?"

"பெரியப்பா! வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி."

நடந்ததைப் பெரியம்மா பிறகு எனக்கு ஆதியோடந்தமாகச் சொன்னார். பெரியப்பாவின் போன் துண்டு துண்டாகக் கிணுகிணுத்துக்கொண்டே இருந்ததாம். மருமகள் எடுத்து வாசித்தாளாம். இலக்கம், இலக்கம், இலக்கம். கடைசியில் கலியாணம். பெரியப்பா மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "விளங்கிற்றுது" என்றாராம்.

"தம்பிக்கு என்ர முகத்தில முழிக்க வெக்கம். அதால பிள்ளையைக் கொண்டு அனுப்பியிருக்கிறான். எல்லாற்றை நம்பரையும் தந்து, கடைசியில கலியாணத்தையும் எழுதி, என்னட்டப் பொறுப்பை விட்டிருக்கிறான். மூத்தவன்தானே ஊருக்குச் சொல்லவேணும்? இதை அண்டைக்கே செய்திருந்தா எவ்வளவு நல்லம்."

முகம் வழித்து, குளித்து, அலுமாரிக்குள் இருந்த அந்தப் பழைய வெள்ளைச் சேட்டை எடுக்கச் சொன்னாராம். இலக்கங்களோடு பெயர்கள் இல்லையே? அதற்கும் வழி வைத்திருந்தார். மருமகள் ஒவ்வொரு இலக்கமாக அடித்துக் கொடுக்க, "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார். ஆள் யாரென்று தெரிந்ததும், "வீட்டில நில்லுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். காரணம் சொல்லவில்லை, முகம் பார்க்காமல் கலியாணம் சொல்வாரா? அவர் அப்படிக் கூப்பிட்டால் சாவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு வீட்டில் அவர் போய்ச் சேரும்முன்பே ஒப்பாரி தொடங்கிவிட்டதாம். அந்த வீட்டாரைச் சமாதானப்படுத்திவிட்டுத்தான் கலியாணம் சொன்னார். தலைவருக்கும் "வீட்டில நில்லுங்கோ" வந்தது. தானே சொல்லிச் சொல்லி எழுதுவித்த கலியாணத்துக்குத் தலைவர் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, அழைப்பு வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் கரண்ட் வந்ததும் தலைவர் சங்கத்துக்கு ஓடிவந்தார். "மிச்ச ஆக்களுக்கு ஒண்டும் அனுப்பிப்போடாதை. பெரியவர் வந்து சொன்ன பிறகு மெசேஜ் போனா மரியாதை இல்லை" என்றார்.

நான் வவுனியாப் பிள்ளைக்குப் போன் எடுத்துப் பிழையைச் சொன்னேன்.

"ஒவ்வொண்டா எண்டு சொல்லேல்லையோ அக்கா?"

"சொல்லேல்லை."

"பரவாயில்லை, திருத்தித் திருப்பி அனுப்புங்கோ."

"தேவையில்லை. முதல் ஆளே எல்லாற்றை வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு திரியிறார்."

"அப்பிடி ஒரு கட்டளை இல்லையே அக்கா" என்றாள்.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. ஏனென்றால் அப்பா. கரையில் நான்கு பேர் வந்து, "அண்ணன் வந்து சொன்னவர்" என்று கைகுலுக்கிவிட்டுப் போக, அப்பாவின் முகம் கறுத்துப்போயிற்று. "என்ர பிள்ளையின்ர கலியாணத்தைச் சொல்ல இவரை ஆர் கேட்டது?" என்று வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். இது பிழையாய்ப் போன குறுஞ்செய்தி என்று அப்பா ஒரு வார்த்தை பெரியப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னால் போதும், அந்த மனிதன் வெள்ளைச் சேட்டோடு நடுறோட்டில் நின்றுவிடுவார். அம்மாவையும் வைத்துக்கொண்டு அப்பாவிடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். கோப்பு, குழாய், நடு ஆள், முதலாம் இலக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் போடவில்லை.

"அப்ப" என்றார் கடைசியில், "இப்பவும் அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அம்மா குனிந்து விளக்குமாற்றை எடுத்தார்.

"சொல்லாமலே சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிட்டார்" என்றார் அப்பா. பிறகு எழும்பிப் போய் வலையைப் பொத்தத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு அவர் பின்னேரங்களில் கரைக்குப் போகவில்லை. வலை பொத்த வேண்டும் என்றார். ஆனால் வலையில் அவ்வளவு பொத்தல் இல்லை என்பது எனக்குத் தெரியும். வீட்டில் வெறும் மேலோடு சாரம் மட்டும் கட்டிக்கொண்டு இருக்கிற மனிதர், சேட்டுப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இருந்தார். அம்மா அதைக் கண்டும் காணாதவர் மாதிரித் திரிந்தார். அப்பாவின் இலக்கமும் அந்த வரிசையின் நடுவில்தான் இருந்தது. பெரியப்பா வரிசை தப்பாமல் போய்க்கொண்டிருக்கிறார் என்று ஊர் சொன்னது. எங்கள் இலக்கம் வந்ததும் தாண்டிப் போய்விடுவாரோ என்று நினைத்தேன். அப்பா நினைத்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு பின்னேரம் அப்பாவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். மறுபக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"ஆர் கதைக்கிறது?"

அப்பா தொண்டையைச் செருமினார். "நான்தான்."

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"வீட்டில நில். வாறன்."

அம்மா அடுப்பில் கேத்தலை வைக்க ஓடினார். நான் முன்னறையில் இருந்த நல்ல கதிரையை முற்றத்துக்குத் தூக்கிவந்து போட்டேன். அப்பா சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார், பிறகு கழற்றினார், பிறகு மறுபடி பூட்டினார். ஒழுங்கையால் சைக்கிள் வந்தது. படலையடியில் படுத்திருந்த கழுதை எழும்பி வழிவிட்டது. பெரியப்பா சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு, படலையைத் திறந்து உள்ளே வந்தார். வேர்த்து வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. கதிரையில் இருந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தை நேரே பார்த்தார்.

"வாற சனிக்கிழமை என்ர பிள்ளைக்குக் கலியாணம்" என்றார். "நீ குடும்பத்தோட கட்டாயம் வரவேணும்."

அப்பா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாமல் நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தின மணிக்கு அண்ணை?" என்று கேட்டார் அப்பா.

"பத்துக்குப் பூசை" என்றார் பெரியப்பா. "நீ வெள்ளன வந்திடு. பிள்ளையைக் கோயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு வர ஆள் வேணும்."